பெட்டியின் முகப்பில் ஓர் எண்

ஒரு செய்தியைப் பத்திரிகை வெளியிட்டதா என்பது மாத்திரம் முக்கியமில்லை. அதை எந்தப் பக்கத்தில், எத்தனை பத்தி அகலத்தில், எந்த அளவு எழுத்தில் வெளியிட்டது என்பதும் அதேயளவு முக்கியமானது. முதற் பக்கத்தின் தலையில் வரவேண்டிய செய்தியை ஏழாம் பக்கத்தின் அடியில் மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, 'நாங்களும் வெளியிட்டோமே' என்று சொல்லிக்கொள்ளும் வித்தையைப் பத்திரிகைத் துறையில் நீண்டகாலம் இருந்தவர்கள் அறிவார்கள்.

வீடியோ விளையாட்டுக்களின் அட்டைப்பெட்டிகளைப் பற்றியும் அவற்றில் அச்சிடப்படும் வயதுக் குறிகளைப் பற்றியும் எழுத முற்படும்போது இந்த வித்தையே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வயதுக் குறி என்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 'தரப்படுத்தல்' என்பது இதற்குப் பொருந்தக்கூடிய சொல்தான். ஆனால், 1970 களின் பல்கலைக்கழக அனுமதியை அனுபவித்த இலங்கைத் தமிழருக்கு அச்சொல் வேறொரு காயத்தையே நினைவூட்டும். எனவே அதைத் தவிர்த்துக்கொள்கிறேன்.

விளையாட்டுப் பெட்டியின் முகப்பு ஆரம்பத்திலிருந்தே ஒரு விளம்பரப் பலகையாகத்தான் இருந்து வந்திருக்கிறது. 1977 இல் அட்டாரி நிறுவனம் தனது வீட்டு விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த வேளையில், தொலைக்காட்சித் திரையில் தெரிந்தவை சில சதுரங்களும் கோடுகளும் மாத்திரமே. பெட்டியின் மீதோ தேர்ந்த ஓவியர்கள் தீட்டிய விண்கலங்களும் பந்தயக் கார்களும் போர்க்களங்களும் இருந்தன. திரையில் இல்லாததைப் பெட்டி காட்டியது. 1983 இல் அமெரிக்காவில் அத்தொழில் சரிந்து விழுந்தபின்னர், 1985 இல் அங்கு நுழைந்த நின்டெண்டோ நிறுவனம் வாடிக்கையாளரின் நம்பிக்கையை மீட்கவேண்டியிருந்தது. அதனுடைய ஆரம்பகாலக் கறுப்புப் பெட்டிகளில் திரையில் தெரியும் உருவங்களே, அவற்றின் புள்ளிகள் துருத்தி நிற்க, பெரிதாக அச்சிடப்பட்டன. பக்கத்தில் தர முத்திரையொன்றும் இடப்பட்டது. வாங்குபவனை ஏமாற்றாத முகப்பும் வியாபாரத்துக்கு உதவும் என்பதை அந்த நிறுவனம் விளங்கிக்கொண்டிருந்தது.

பெட்டி ஒரு வாக்குறுதி என்றால், எச்சரிக்கையும் அதில் இருக்கவேண்டுமா என்ற கேள்வி 1993 இல் எழுந்தது. 'மோர்ட்டல் கொம்பட்' என்ற சண்டை விளையாட்டு அந்த ஆண்டு செப்டெம்பரில் வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. நின்டெண்டோ தன்னுடைய பதிப்பில் இரத்தத்தை நீக்கி, வியர்வை போன்ற சாம்பல் நிறத் துளிகளைச் சேர்த்தது. சீகா நிறுவனம், 13 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியதென்ற தனது சொந்தக் குறியைப் பெட்டியில் இட்டு, ஓர் இரகசியக் குறியீட்டை அழுத்தினால் இரத்தம் தெரியும் வகையில் வெளியிட்டது. இரத்தம் தெரிந்த பதிப்பே அதிகமாக விற்றது. டிசம்பர் 9 ஆம் திகதி அமெரிக்க செனட் சபையில் ஜோசப் லீபர்மன், ஹேர்ப் கோல் ஆகிய இரு செனட்டர்களும் இது குறித்து விசாரணை நடத்தினர். இரு நிறுவனங்களின் பிரதிநிதிகளும் அங்கு ஒருவரையொருவர் சாடிக்கொண்டனர். நீங்களாக ஒரு முறையை உருவாக்காவிட்டால் நாம் சட்டம் இயற்றுவோம் என்பதே செனட்டர்கள் விடுத்த செய்தி. அதன் விளைவாக 1994 செப்டெம்பரில் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற மதிப்பீட்டுச் சபையை அத்தொழில்துறை தானே அமைத்துக்கொண்டது.

அந்தச் சபையின் முறை, பெட்டியின் முகப்பின் கீழ் மூலையில் ஓர் எழுத்தையும் பின்புறத்தில் அதற்கான காரணங்களையும் அச்சிடுவது. 'ஈ' என்றால் எல்லோருக்கும், 'ரி' என்றால் பதின்ம வயதினருக்கு, 'எம்' என்றால் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு, 'ஏ.ஓ.' என்றால் வளர்ந்தோருக்கு மட்டும். ஐரோப்பாவில் 2003 இல் நடைமுறைக்கு வந்த 'பெகி' முறையோ எழுத்துக்களைக் கைவிட்டு 3, 7, 12, 16, 18 என்று எண்களையே பயன்படுத்தியது. பல மொழிகள் பேசப்படும் ஒரு கண்டத்துக்கு எண்தான் பொருத்தமானது. பின்னர் அந்த எண்களுக்குப் போக்குவரத்து விளக்கைப் போலப் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று நிறங்களும் தரப்பட்டன.

எழுத்தா எண்ணா என்பது அற்பமான வேறுபாடாகத் தோன்றக்கூடும். ஆனால், இந்தக் குறியை வாசிக்கவேண்டியவர் யார் என்று கேட்டால் அதன் முக்கியத்துவம் புரியும். விளையாடப் போகும் சிறுவனுக்கு அது தேவையில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு ஏற்கனவே தெரியும். பணம் கொடுக்கப் போகிறவருக்குத்தான் அது தேவை. புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் எமது பெற்றோரை எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு வேலை செய்துவிட்டு, பிள்ளையின் பிறந்தநாளுக்காக அவனுடன் கடைக்குப் போகிறார் ஒரு தகப்பன். பெட்டியின் பின்புறத்தில் ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சு மொழியிலோ எழுதியிருப்பதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்பவன் அதை வாங்கித் தருமாறு கேட்கும் அதே மகன்தான். சாட்சியே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கும் வழக்கில் நீதி எப்படிக் கிடைக்கும்? முகப்பிலுள்ள எண் ஒன்றே அந்தத் தகப்பன் எவருடைய தயவுமின்றி வாசிக்கக்கூடியது.

எண்ணிலும் ஓர் இடர் இருக்கிறது. பொம்மைகளினதும் புதிர் விளையாட்டுக்களினதும் பெட்டிகளில் காணப்படும் வயது பெரும்பாலும் திறமையின் அளவாகவே விளங்கிக்கொள்ளப்படுகிறது. தனது பத்து வயது மகன் பதினெட்டு வயதுக்காரருக்குரிய விளையாட்டை இலகுவாக விளையாடி முடிக்கிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்ட ஒரு தந்தையை லண்டனில் சந்தித்திருக்கிறேன். அவரை நான் குறைகூற மாட்டேன். எண் அவருடைய கண்ணில் பட்டது. எண்ணின் காரணம் படவில்லை. காரணத்தைப் பெட்டியின் பின்புறத்தில் சிறிய படங்களாக ஒதுக்கிவைத்த வடிவமைப்பே அதற்குப் பொறுப்பு.

இந்தக் குழப்பத்தைப் பிரித்தானிய அரசாங்கமும் உணர்ந்திருந்தது. உளவியலாளர் தான்யா பைரன் 2008 மார்ச்சில் சமர்ப்பித்த அறிக்கை, ஒரே கடையில் இரு வெவ்வேறு முறைகளின் குறிகள் காணப்படுவது பெற்றோரைக் குழப்புகிறது என்பதைச் சுட்டிக்காட்டியது. 2012 ஜூலை 30 ஆம் திகதி தொடக்கம் அங்கு பெகி குறிக்குச் சட்டவலு வழங்கப்பட்டது. 12, 16, 18 என்ற எண்களைக் கொண்ட பெட்டியை அவ்வயதை அடையாத ஒருவருக்கு விற்பது குற்றமாயிற்று.

ஜேர்மனி இதைவிடக் கடுமையான வழியைத் தேர்ந்தெடுத்தது. 2002 ஏப்ரலில் எர்ஃபுர்ட் நகரப் பாடசாலையொன்றில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின்னர் நிறைவேற்றப்பட்ட இளையோர் பாதுகாப்புச் சட்டம், 2003 ஏப்ரல் தொடக்கம் கடைகளில் விற்கப்படும் விளையாட்டுக்களுக்கு வயதுக் குறியைக் கட்டாயமாக்கியது. 2008 இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது குறியின் இடமும் அளவும்கூட வரையறுக்கப்பட்டன. முகப்பின் இடது கீழ் மூலையில் குறைந்தபட்சம் 1,200 சதுர மில்லிமீற்றரும், இறுவட்டின் மீது 250 சதுர மில்லிமீற்றரும் அதற்கு ஒதுக்கப்படவேண்டும். வழக்கமான விளையாட்டுப் பெட்டியொன்றின் முகப்பில் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஒரு நாட்டின் சட்டம் மில்லிமீற்றர் கணக்கில் இறங்கிப் பேசவேண்டிய நிலை ஏன் வந்தது? அளவைச் சொல்லாவிட்டால் குறி சுருங்கிக்கொண்டே போகும் என்பதை அச்சட்டத்தை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். பத்திரிகைகளில் அரசாங்க அறிவித்தல்களை வெளியிட்டுப் பழகிய எனக்கு அதில் வியப்பில்லை.

அதன் எதிர்விளைவும் சுவையானது. பெரிய குறி ஓவியத்தைக் கெடுக்கிறது என்று சேகரிப்பாளர்கள் குறைப்பட்டனர். வெளியீட்டாளர்கள் பலர் உறைத்தாளின் மறுபக்கத்தில் அதே ஓவியத்தைக் குறியின்றி அச்சிட்டு வழங்கத் தொடங்கினர். வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் தாளைத் திருப்பிச் செருகிக்கொள்ளலாம். இதைச் சட்டத்தை ஏய்க்கும் தந்திரமென்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. குறி வேலை செய்யவேண்டிய இடம் கடை. பணம் கைமாறிய பிறகு அலுமாரியில் இருக்கும் பெட்டி அழகாக இருந்துவிட்டுப் போகட்டும். ஓவியனுக்கும் பெற்றோருக்கும் இடையில் காணப்பட்ட நியாயமான சமரசங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

அமெரிக்காவில் இதே முயற்சி தோல்வி கண்டது. கலிபோர்னியாவில் 2005 இல் ஆளுநர் ஆர்னோல்ட் ஸ்வாஸ்நேகர் கையொப்பமிட்ட சட்டம், வன்முறை மிகுந்த விளையாட்டுக்களின் முகப்பில் கறுப்பு விளிம்பிட்ட வெள்ளை நிறத்தில் 18 என்ற எண் இரண்டு அங்குல நீளத்துக்கும் இரண்டு அங்குல அகலத்துக்கும் குறையாமல் இடம்பெறவேண்டும் என்றது. ஜேர்மனி கேட்ட இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வன்முறைத் திரைப்படங்களால் புகழ்பெற்றவரே அச்சட்டத்தில் கையொப்பமிட்டார் என்பதை வேடிக்கையாகச் சுட்டிக்காட்டியவர்கள் பலர். 2011 ஜூன் 27 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் 7 இற்கு 2 என்ற பெரும்பான்மையால், விளையாட்டுக்களும் நூல்களையும் நாடகங்களையும் போலப் பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்கு உரியவை என்று கூறி அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

தணிக்கையின் கீழ் நீண்டகாலம் எழுதிய ஒருவன் என்ற வகையில் நான் அந்தத் தீர்ப்பின் பக்கமே நிற்கிறேன். எது வன்முறை என்று வரையறுக்கும் அதிகாரத்தை அரசாங்கத்தின் கையில் கொடுத்தால், அது அந்த வரையறையோடு நின்றுவிடும் என்று நம்புவதற்கு எமது அனுபவம் இடமளிக்கவில்லை. அதேவேளை, குறி வேண்டாம் என்று வாதிடுவோருடனும் என்னால் உடன்பட முடியவில்லை. தணிக்கை வாசகனிடமிருந்து ஒன்றை மறைக்கிறது. வயதுக் குறி அவனுக்கு ஒன்றைத் தெரிவிக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு.

தானாக முன்வந்து அமைத்த முறையும் கடைக்காரர் ஒத்துழைத்தால் வேலை செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 13 முதல் 16 வயது வரையான சிறுவர்களைக் கடைகளுக்கு அனுப்பி, 'எம்' குறியிட்ட விளையாட்டுக்களை வாங்க முயலுமாறு கூறிச் சோதித்து வந்தது. 2000 ஆம் ஆண்டில் அவ்வாறு போன சிறுவர்களில் 85 சதவீதத்தினரால் வாங்க முடிந்தது. 2011 இல் அது 13 சதவீதமாகக் குறைந்திருந்தது. அட்டையிலுள்ள ஓர் எழுத்தும், காசாளரின் திரையில் தோன்றும் ஒரு நினைவூட்டலும், வயதைக் கேட்கத் துணிந்த ஒரு மனிதரும் சேர்ந்தே இந்த மாற்றத்தைச் சாதித்திருக்கிறார்கள்.

இருந்தாலும், குறி உண்மை பேசவேண்டும். 2005 இல் 'கிராண்ட் தெப்ட் ஓட்டோ: சான் அன்ட்ரியாஸ்' விளையாட்டின் இறுவட்டில், விளையாடுபவருக்கு எட்டாதவாறு பூட்டிவைக்கப்பட்டிருந்த பாலியல் காட்சியொன்றை வெளியார் திறந்து காட்டினர். ஈ.எஸ்.ஆர்.பி. ஜூலை 20 ஆம் திகதி அதன் குறியை 'எம்' என்பதிலிருந்து 'ஏ.ஓ.' என்று மாற்றியது. பெருங்கடைகள் அதைத் தட்டுகளிலிருந்து அகற்றின. குறியிடுவோர் விளையாட்டு முழுவதையும் விளையாடிப் பார்ப்பதில்லை என்பதும், வெளியீட்டாளர் நிரப்பிக் கொடுக்கும் விபரங்களையும் தொகுத்துக் கொடுக்கும் காட்சிகளையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள் என்பதும் அப்போது பலருக்கும் தெரியவந்தது. 'எம்' இற்கும் 'ஏ.ஓ.' இற்கும் இடையில் வயதில் ஒரேயொரு வருட வித்தியாசம்தான். ஆனால், பின்னையதைப் பெருங்கடைகள் விற்பதில்லை. விளையாட்டுக் கருவி நிறுவனங்களும் அனுமதிப்பதில்லை. ஆகவே அந்த ஒரு வருடம் பல மில்லியன் டொலர் பெறுமதியானது. 2007 இல் 'மான்ஹன்ட் 2' விளையாட்டு 'ஏ.ஓ.' குறியைப் பெற்றபோது, அதன் வெளியீட்டாளர் காட்சிகளைத் திருத்தி 'எம்' குறியைப் பெற்ற பின்னரே விற்பனைக்கு விட்டார்.

குறியே கவர்ச்சியாகிவிடும் என்ற வாதமும் உண்டு. சினிமா விளம்பரங்களில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்ற வரியைப் படத்தின் பெயரைவிடப் பெரிதாக அச்சிடுமாறு கேட்டு வந்தவர்களைப் பத்திரிகை அலுவலகங்களில் கண்டவன் நான். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால், அது வெறும் எண்ணுக்கே பொருந்தும். '18' என்பது சிறுவனின் ஆவலைத் தூண்டலாம். 'சித்திரவதைக் காட்சிகள் உள்ளன' என்ற வரி தாயைத் தயங்க வைக்கும். எண்ணோடு காரணமும் முகப்பிலேயே வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி, பெட்டியே இல்லாமல் போகும் காலத்துக்கு வருவோம். இன்று பெரும்பாலான விளையாட்டுக்கள் இணையத்தின் வழியாகவே வாங்கப்படுகின்றன. கடையும் இல்லை, காசாளரும் இல்லை, வயதைக் கேட்பவரும் இல்லை. கைத்தொலைபேசித் திரையில் குறியின் இடம் விலைக்கும் நட்சத்திரங்களுக்கும் கீழே ஒரு கடுகளவு. பெட்டி இருந்தாலும் அதற்குள் விளையாட்டு இருக்குமென்று சொல்ல முடியாது. 2025 இல் வெளிவந்த நின்டெண்டோவின் 'ஸ்விட்ச் 2' கருவிக்கான சில பெட்டிகளுக்குள் இருப்பது, விளையாட்டைப் பதிவிறக்கிக்கொள்ள உதவும் சாவி அட்டை மாத்திரமே. அதை அந்த நிறுவனம் முகப்பின் அடியில் ஒரு பட்டையாக அச்சிட்டுச் சொல்கிறது. சொல்வதற்காவது அங்கு ஒரு முகப்பு இருந்தது.

ஆபத்தும் இடம் மாறியிருக்கிறது. 1993 இல் பெற்றோர் அஞ்சியது இரத்தத்துக்கு. இன்று அஞ்சவேண்டியது விளையாட்டின் உள்ளே திறந்திருக்கும் கல்லாப்பெட்டிக்கு. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே பணம் கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பொதிகளை 2018 இல் பெல்ஜியம் சூதாட்டமென்று கருதித் தடுத்தது. அவ்வாறான பொதிகளை விற்ற உதைபந்தாட்ட விளையாட்டுக்கு 2024 இல் பெகி வழங்கிய எண் 3. பணம் எதையும் பந்தயம் கட்டாமல் சீட்டுக்கட்டை வைத்து விளையாடும் 'பலாட்ரோ' என்ற விளையாட்டுக்கு அதே ஆண்டில் அது வழங்கிய எண் 18. சூதாட்டத்தின் படத்துக்குப் பதினெட்டு. சூதாட்டத்தின் பழக்கத்துக்கு மூன்று. அதை உருவாக்கியவர் இம்முரண்பாட்டைப் பகிரங்கமாகக் கேலி செய்தார். மேன்முறையீட்டின் பின்னர் 2025 பெப்ரவரியில் அந்தப் பதினெட்டு பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது. ஜேர்மனியின் யூ.எஸ்.கே. அமைப்போ 2023 ஜனவரி தொடக்கம் பணம் செலவிடத் தூண்டும் உத்திகளையும் கணக்கில் எடுக்கத் தொடங்கி, அவ்வாண்டு வந்த அதே உதைபந்தாட்டத் தொடருக்கு 12 என்ற எண்ணை வழங்கியது. இரு அமைப்புக்களும் பார்த்தது ஒரே தொடரைத்தான். ஒன்று காட்சியைப் பார்த்தது. மற்றையது சட்டைப்பையையும் சேர்த்துப் பார்த்தது.

என்ன செய்யலாம்? வடிவமைப்பாளர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. ஓவியம் முழுவதும் முடிந்த பிறகு மிஞ்சும் மூலையில் குறியை ஒட்டவேண்டாம். முதல் வரைவிலேயே அதற்கு இடம் ஒதுக்குங்கள். எண்ணுக்குப் பக்கத்தில், ஏன் இந்த எண் என்பதை ஐந்தாறு எளிய சொற்களில் எழுதுங்கள். விளையாட்டுக்குள் பணம் கேட்கப்படுமாயின் அதுவும் முகப்பிலேயே இருக்கட்டும். இணையக் கடைகளில் 'வாங்கு' என்ற பொத்தானுக்கு எந்த அளவு எழுத்தோ, வயதுக்கும் அதே அளவு எழுத்து. வாங்குபவர் தெரிவுசெய்த மொழியில் அதைக் காட்டுவது அச்சகத்துக்குத்தான் சிரமமாக இருந்தது. திரைக்கு அது சிரமமான காரியமில்லை. தமிழிலும் காட்டலாம்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் குறைவு. அந்த எண் உங்கள் பிள்ளையின் கெட்டித்தனத்தை அளக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்பதை மட்டுமே அது சொல்கிறது. உங்களுடைய கடன் அட்டையின் எண்ணைக் கருவியில் பதிவுசெய்து வைப்பதற்கு முன்னர், செலவைக் கட்டுப்படுத்தும் பூட்டு அதிலேயே இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. எங்கே இருக்கிறதென்று பிள்ளையிடம் கேட்காதீர்கள்; அயல்வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். பிறகு ஒரு மாலைப்பொழுது பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, அவன் விளையாடுவதைப் பாருங்கள். எந்தச் சபையின் குறியும் அந்த அரைமணி நேரத்துக்கு ஈடாகாது.